உறவு முதலில், மாற்றம் பிறகு



ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களில் சிலர் ஆலயத்துக்குள் வருவதில்லை. வாசற்படியிலோ வெளியே மரத்தடியிலோ நின்றே திருப்பலி கண்டுவிட்டுப் போகிறார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் பக்கத்தில் போய்ப் பேசிப் பார்த்தால் சிலரிடமிருந்து வேறொரு பதில் வருகிறது. "என் வாழ்க்கை சரியில்லைங்க. இந்த நிலையில சாமி முன்னால எப்படிப் போய் நிக்கிறது? முதல்ல குடியை விடணும். தம்பியோட இருக்கிற நிலத் தகராறு முடியணும். அதுக்கப்புறம் ஒழுங்கா வரேன்" என்கிறார்கள். கேட்பதற்குத் தாழ்ச்சி போலவே இருக்கிறது. ஆனால் அந்த "அதுக்கப்புறம்" பத்து ஆண்டுகளாகியும் வராமலே போய்விடுகிறது.

உள்ளே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம்மிலும் பலர் இதே கணக்கைத்தான் போடுகிறோம். கோபம் குறைந்த பிறகு, கடன் அடைந்த பிறகு, பிள்ளைகள் நிலைபெற்ற பிறகு கடவுளோடு நெருங்கிப் பழகலாம் என்று தள்ளிப்போடுகிறோம். அதுவரை காலை மாலை மனப்பாடமான செபங்களைச் சொல்லி, நாளாந்தக் கடமையை முடித்துக்கொள்கிறோம்.

கடவுளோடு கொள்ளும் நெருங்கிய உறவு மனிதரை மாற்றுகிறது என்பது நம் நம்பிக்கை. இன்று நாம் சிந்திக்க வேண்டியது இதன் வரிசையைப் பற்றி. மாறிய பிறகு நெருங்க வேண்டுமா? நெருங்குவதால் மாறுகிறோமா?

நற்செய்தி காட்டும் வரிசை

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் சக்கேயுவைப் பார்க்கிறோம். வரிதண்டுவோருக்குத் தலைவர், செல்வர், ஊரார் வெறுத்த மனிதர். அவர் மரத்தின் மேல் இருக்கும்போதே இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைத்து, இன்று உம் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். சக்கேயு அதுவரை ஒரு காசு கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை, மனம் வருந்துகிறேன் என்றும் சொல்லவில்லை. இயேசு அவரைத் தேடி வந்து, அவர் வீட்டில் விருந்தாளி ஆகிறார். அதன் பிறகே சக்கேயு எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவிக்கிறார். உறவு முதலில் வந்தது. பணப்பெட்டி அதன் பிறகு திறந்தது.

பேதுருவின் வாழ்விலும் இதே வரிசைதான். லூக்கா 5ஆம் அதிகாரத்தில், வலை கிழியும் அளவு மீன் பிடித்ததைக் கண்ட பேதுரு இயேசுவின் கால்களில் விழுந்து, தாம் பாவி என்றும், தம்மைவிட்டுப் போய்விட வேண்டும் என்றும் கேட்கிறார். வாசலில் நிற்கும் நம் சகோதரர் சொல்வதும் இதுதானே! இயேசு விலகிப் போகவில்லை. அஞ்ச வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பாவியைத் தம் பணிக்கே சேர்த்துக்கொள்கிறார்.

இறுதி இரவுணவில் இயேசு சீடர்களை இனிப் பணியாளர் என்று அழைக்கப்போவதில்லை, நண்பர்கள் என்றே அழைப்பதாகச் சொல்கிறார் (யோவான் 15:15). எந்த இரவில் இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். நண்பர் என்ற பெயரைப் பெற்ற அவர்கள் இன்னும் சில மணி நேரத்தில் சிதறி ஓடப்போகிறார்கள். பேதுரு மறுதலிப்பார் என்பதை இயேசு ஏற்கெனவே அவரிடம் சொல்லிவிட்டார். தெரிந்தேதான் அந்தப் பெயரைக் கொடுக்கிறார்.

பேதுரு மறுதலித்தது தலைமைக் குரு வீட்டு முற்றத்தில், கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது. உயிர்த்த இயேசு திபேரியக் கடற்கரையில் சீடர்களுக்குக் காலை உணவு தயாரித்து வைத்திருந்ததும் கரி நெருப்பில்தான். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு வருவது இந்த இரண்டு இடங்களில் மட்டுமே. அந்த நெருப்பருகே இயேசு, ஏன் என்னைத் தெரியாது என்றாய் என்று கேட்கவில்லை. தம்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் தம் ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார்.

அதன் விளைவைத் திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரம் காட்டுகிறது. வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்ட கேள்விக்கே நடுங்கிய பேதுரு, இப்போது தலைமைக் குருவாயிருந்த அன்னா, கயபா முன்னிலையிலேயே நின்று இயேசுவின் பெயரை அஞ்சாமல் அறிவிக்கிறார். அதற்காக அவர் முழுவதும் மாறி முடித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. பிற இனத்தாரோடு உண்டுவந்த அவர், சிலருக்கு அஞ்சி அந்தியோக்கியாவில் பின்வாங்கினார் என்றும், அதற்காகத் தாம் அவரை நேருக்கு நேர் கண்டித்ததாகவும் பவுல் எழுதுகிறார் (கலாத்தியர் 2). உறவு தரும் மாற்றம் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை என்பதற்குத் திருஅவையின் முதல் தலைவரே சாட்சி.

செபத்தை விட்டுவிட்ட ஒரு புனிதை

இதைத் தம் வாழ்வில் அனுபவித்து, எழுதியும் வைத்தவர் அவிலா நகர் புனித தெரேசா. அக்டோபர் 15 அன்று நாம் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம். ஸ்பெயின் நாட்டில் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிறந்தவர். ஏறக்குறைய இருபது வயதில் அவிலாவில் இருந்த கார்மேல் சபையின் மனிதவதார மடத்தில் சேர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட சகோதரிகள் இருந்த பெரிய மடம் அது. பார்க்க வருகிறவர்களும், அரட்டையும், ஊர்ச் செய்திகளும் குறையாமல் வந்துகொண்டிருந்த இடம். தெரேசா எல்லாருக்கும் பிடித்தமானவர், நன்றாகப் பேசக்கூடியவர். அதனால் அவரைத் தேடி வந்தவர்களும் அதிகம்.

இளம் துறவியாக இருந்தபோது கடும் நோயில் விழுந்தார். இறந்துவிட்டார் என்றே எண்ணி அவருக்குக் கல்லறைக் குழியும் தோண்டி வைத்தார்கள். பிழைத்தெழுந்தும் நெடுநாள் எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார். இந்தக் காலத்தில் உள்ளத்தால் கடவுளோடு பேசும் செபத்தைப் பழகிக்கொண்டார். தம் தந்தைக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். தந்தை அதில் வேகமாக வளர்ந்தார். மகளோ ஓராண்டுக்கும் மேலாக அந்தச் செபத்தை விட்டேவிட்டார்!

ஏன் விட்டார்? நம்பிக்கை போய்விட்டதால் அல்ல. வீண் பேச்சிலும் உறவுகளிலும் மனம் சிதறிக் கிடக்க, இப்படிப்பட்ட நான் கடவுளோடு தனித்துப் பேச என்ன தகுதி இருக்கிறது என்று வெட்கப்பட்டார். மற்ற சகோதரிகளைப் போல் வாய்ச்செபம் மட்டும் சொன்னால் போதும், அதுதான் தாழ்ச்சி என்று எண்ணினார். செபத்தைப் பற்றிப் பேச ஆவலோடு வந்த தந்தையிடம், உடல்நலமில்லை, அதனால் செபிப்பதில்லை என்று சாக்குச் சொன்னார். நல்லவரான அந்தத் தந்தையும் நம்பிவிட்டார்.

பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தமக்கு வந்த சோதனைகளிலேயே மிகவும் கொடியது இதுதான் என்று தெரேசா குறிப்பிடுகிறார். செய்த குற்றங்களைவிட, குற்றத்தைக் காரணம் காட்டிச் செபத்தை நிறுத்தியதே அவருக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. நோயாளி, உடம்பு சரியானதும் மருத்துவரிடம் போகிறேன் என்று சொன்னால் நாம் சிரிப்போம். ஆன்ம வாழ்வில் அதையே சொல்லும்போது தாழ்ச்சி என்று பாராட்டிக்கொள்கிறோம்.

1543ஆம் ஆண்டில் தந்தை இறந்தார். தந்தைக்கு ஒப்புரவு அருளடையாளம் வழங்கிவந்த தொமினிக்கன் சபைக் குரு ஒருவரிடம் தெரேசா தம் நிலையைத் திறந்து சொன்னார். எக்காரணம் கொண்டும் செபத்தை விடக் கூடாது என்று அவர் அறிவுறுத்தினார். தெரேசா மீண்டும் தொடங்கினார். அதன் பிறகு விடவில்லை.

தொடங்கியவுடன் எல்லாம் இனித்துவிட்டதா? இல்லை. பல ஆண்டுகள் அது போராட்டமாகவே இருந்தது. செபக்கூடத்துக்குள் நுழையும்போதே மனம் சோர்ந்ததையும், மணி எப்போது அடிக்கும், இந்த ஒரு மணி நேரம் எப்போது முடியும் என்று காத்திருந்ததையும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். செபமாலையின் நடுவே கடிகாரத்தைப் பார்க்கிற நமக்கு இது எவ்வளவு ஆறுதல்! அவருடைய பழைய பழக்கங்களும் உடனே போகவில்லை. ஆனாலும் நண்பரைப் பார்க்கப் போவதை அவர் நிறுத்தவில்லை.

ஏறக்குறைய 39 வயதில், மடத்தில் ஒரு திருநாளுக்காகக் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த, காயங்களால் நிறைந்த இயேசுவின் திருவுருவத்தைக் கண்டு உள்ளம் உடைந்து அழுதார். தம் சொந்த முயற்சியை நம்புவதை விட்டு, முற்றிலும் இறைவனை நம்பத் தொடங்கியது அப்போதுதான் என்கிறார். அதன் பின் அவர் வாழ்க்கை வேறாயிற்று. 1562ஆம் ஆண்டில் அவிலாவில் புனித யோசேப்பு மடத்தை நிறுவி, கார்மேல் சபையின் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். 1582ஆம் ஆண்டில் இறக்கும்வரை, நோயுற்ற உடலோடு, வண்டியிலும் கோவேறு கழுதையிலும் கரடுமுரடான வழிகளில் பயணம் செய்து மடம் மடமாக நிறுவினார். நம் முத்துக்குளித்துறைக் கரையில் நடந்து போதித்த புனித பிரான்சிஸ் சவேரியாரும் இவரும் ஒரே நாளில், 1622ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். 1970ஆம் ஆண்டில் திருத்தந்தை புனித ஆறாம் பவுல் தெரேசாவைத் திருஅவையின் மறைவல்லுநராக உயர்த்தினார். அந்தப் பெயரைப் பெற்ற முதல் பெண் அவரே. ஒரு காலத்தில் செபிக்கத் தகுதியில்லை என்று ஒதுங்கியவர், இன்று உலகத் திருஅவைக்கே செபத்தின் ஆசிரியை!

மாற்றம் எங்கே தெரியும்?

உள்ளத்தால் செபிப்பது என்றால், நம்மை அன்பு செய்கிறவர் என்று நாம் அறிந்தவரோடு அடிக்கடி தனிமையில் நண்பராகப் பழகுவதே என்பது தெரேசாவின் விளக்கம். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 2709ஆம் எண்ணில் இந்த விளக்கத்தையே எடுத்துக்கொள்கிறது. நண்பரோடு பழகும்போது நம்மை அறியாமலே அவருடைய பேச்சும், பார்வையும், விருப்பு வெறுப்புகளும் நம்மிடம் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? இறையுறவிலும் அப்படித்தான். அது ஒட்டியிருப்பதை எப்படி அறிவது? மூன்று இடங்களில் பார்க்கலாம்.

முதலாவது, உண்மை. கடவுளிடம் நெருங்குகிறவர் தம்மைப் பற்றிய உண்மையைப் பார்க்க அஞ்சுவதில்லை. நம்மை விரும்பாதவர் முன் குறையை மறைக்கிறோம். நம்மை எப்படியும் கைவிடாதவர் முன் அதைச் சொல்லிவிடுகிறோம். ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போவது அப்போது தண்டனை வாங்கப் போவதாகத் தெரியாது. வீட்டில் ஒரு சண்டை நடந்தால், "தப்பு என்னுடையதுதான்" என்று சொல்ல நாக்கு எழும்.

இரண்டாவது, அடுத்திருப்பவர். தெரேசா 1577ஆம் ஆண்டில் எழுதிய உள்ளரண் என்னும் நூலில் தம் சகோதரிகளுக்கு ஒரு தெளிவான அளவுகோலைத் தருகிறார். நாம் கடவுளை அன்பு செய்கிறோமா என்பது நமக்கே நிச்சயமாகத் தெரியாது, அயலாரை அன்பு செய்கிறோமா என்பது தெரிந்துவிடும் என்கிறார். நோயுற்ற சகோதரி ஒருவருக்கு உதவி தேவை என்றால், செபத்தில் கிடைக்கும் இனிமை போய்விடுமே என்று கவலைப்படாமல் எழுந்து போய் உதவுங்கள் என்று அறிவுறுத்துகிறார். கண்ணால் காணும் சகோதரரை அன்பு செய்யாதவர் காணாத கடவுளை அன்பு செய்ய முடியாது என்று யோவான் தம் முதல் திருமுகத்தில் எழுதியதும் இதுவே. அன்பியக் கூட்டத்தில் அழகாகச் செபித்துவிட்டு வந்து, படுக்கையில் கிடக்கும் மாமியார் தண்ணீர் கேட்கும்போது முகம் சுளித்தால், நம் செபம் இன்னும் வாயைத் தாண்டவில்லை என்று பொருள்.

மூன்றாவது, அன்றாட வேலை. சமையலறையில் வேலை செய்யும்போதும் ஆண்டவர் உடன் இருக்கிறார் என்று தெரேசா தம் சகோதரிகளுக்குக் கற்பித்தார். விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு கட்டுகிற தாய்க்கும், கடலுக்குப் போகிறவருக்கும், வயலில் நிற்பவருக்கும், இரவுப் பணி முடிந்து பேருந்தில் திரும்புகிறவருக்கும் இந்தச் சொல் உரியது. நண்பர் உடன் இருக்கிறார் என்று அறிந்து செய்யும் வேலையில் எடை குறைவதில்லை, விலை பேசுவதில் பொய் வருவதில்லை.

இந்த மாற்றத்தை நாமே அளந்து பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மோசேயோடு ஆண்டவர் ஒருவர் தம் நண்பரிடம் பேசுவதுபோல முகமுகமாய்ப் பேசினார் என்று விடுதலைப் பயணம் 33ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில் மோசே மலையிலிருந்து இறங்கி வரும்போது அவர் முகம் ஒளிர்கிறது. அது அவருக்கே தெரியவில்லை. கீழே நின்ற மக்கள்தான் பார்த்தார்கள். நம்மிலும் அப்படியே. நாம் மாறியிருக்கிறோமா என்பதை நம் மனைவியும், கணவரும், பிள்ளைகளும், உடன் வேலை செய்பவர்களும் நமக்கு முன்பே கண்டுகொள்வார்கள்.

எப்படித் தொடங்குவது?

நாளில் பதினைந்து நிமிடங்களை ஒதுக்குவோம். இடமும் நேரமும் ஒன்றாக இருந்தால் நல்லது. கைப்பேசியை வேறு அறையில் வைப்போம். அன்றைய நற்செய்திப் பகுதியை ஒருமுறை மெதுவாக வாசிப்போம். பிறகு, நெருங்கிய ஒருவரிடம் பேசுவதுபோல், நம் சொந்த வார்த்தைகளில் அன்றைய நிலையைச் சொல்வோம். கோபமாக இருந்தால் கோபத்தை, வெட்கமாக இருந்தால் வெட்கத்தை. சொல்லி முடித்ததும் சற்று மௌனமாக இருப்போம். எழுவதற்கு முன், இன்று யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, ஒரு சிறு செயலை முடிவு செய்வோம். ஒன்றும் உணராத நாள்கள் வரும். அந்த நாள்களிலும் போய் அமர்வோம். உணர்வு வராததால் நண்பர் வரவில்லை என்று ஆகாது.

கனமான பாவத்தின் சுமையோடு இருப்பவர்கள் நற்கருணை வாங்குமுன் ஒப்புரவு அருளடையாளத்தை நாட வேண்டும் என்பது திருஅவையின் போதனை. அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். குடும்பச் சிக்கல்களால் இப்போதைக்கு நற்கருணை வாங்க இயலாத நிலையில் இருப்பவர்களும் நம் நடுவில் உண்டு. அவர்களுக்கும் திருப்பலியில் இடம் உண்டு, செபத்தில் இடம் உண்டு. ஆண்டவரோடு பேசும் உரிமையை யாரும் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை.

நற்கருணை வாங்குமுன் நாம் அனைவரும் ஒன்றாகச் சொல்லும் மன்றாட்டை நினைத்துப் பார்ப்போம். நூற்றுவர் தலைவரின் சொற்களைக் கொண்டு, ஆண்டவர் நம்மிடம் வருவதற்கு நாம் தகுதியற்றவர்கள் என்று அறிக்கையிடுகிறோம். அவருடைய ஒரு வார்த்தையால் நலம் பெறுவோம் என்று வேண்டுகிறோம். குருவும் அதைச் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போவதில்லை. எழுந்து பீடத்தை நோக்கி நடக்கிறோம். தகுதியில்லை என்பதை ஒப்புக்கொண்டபடியே அருகில் வரத் திருஅவை நமக்கு ஒவ்வொரு திருப்பலியிலும் கற்றுத்தருகிறது.

ஆகவே அடுத்த ஞாயிறு, வாசலில் நிற்கும் சகோதரரைப் பார்த்தால் கண்டிக்கும் முகத்தோடு கடந்துபோக வேண்டாம். "உள்ள வாங்கண்ணே, பக்கத்துல இடம் இருக்கு" என்று அழைப்போம். நாமும் வீட்டில் அந்தப் பதினைந்து நிமிடங்களை இன்றே தொடங்குவோம்.

அன்பு இறைவா, மாறிய பிறகு வருகிறோம் என்று பல காலம் உம்மைத் தள்ளி நின்றோம். இப்போது உள்ளபடியே உம்மிடம் வருகிறோம். பேதுருவுக்கு அருகில் அமர்ந்ததுபோல் எங்கள் அருகிலும் அமரும். எங்களோடு வாழ்பவர்கள் எங்களில் உம் அன்பைக் காணும்படி, உம் நட்பால் எங்களை மாற்றியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.